புதுப் பெட்டியில் கேட்டது

12 ஆகஸ்ட் 1998, புதன்.

காந்திபுரத்து ஸ்டுடியோவுக்குப் போனேன். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குக் கடிதம் போல என் கணவர் கடைசியாகப் பேசிய கேசட்டை சிடியில் ஏற்ற வேண்டும். பேசி முடித்தவர் டேப்பை அணைக்கவில்லை. கூடத்து நாற்காலியிலேயே போய்விட்டார். நான் சமையலறையில் இருந்தேன். என்னைக் கூப்பிடாமலே போய்விட்டார் என்றுதான் ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஸ்டுடியோக்காரர் முதலில் கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய சவுண்ட் கார்டு வழியாக ஏற்றிக் காட்டினார். பேச்சு, பிறகு வெறும் இரைச்சல். அடுத்து, கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து ஒலியைப் பதியும், புதிதாக வாங்கிய பெட்டி வழியாக ஏற்றினார். அதில் கூடத்துக் கடிகாரம்கூடக் கேட்டது. பேச்சு முடிந்து வெகு நேரம் கழித்து, மெதுவாக என் கணவர் குரல், "அம்மணி... இங்க வா."

தொலைவில் ஒரு பெண் குரல், "வாரேனுங்க."

என் குரல். சொன்ன நினைவே இல்லை. காலடிச் சத்தத்துக்காகக் கேசட் முடியும்வரை காத்திருந்தேன். வரவில்லை.

"புதுசுல எத்தன சுத்தமுங்க! இதையே போட்டரலாமுங்களாம்மா?"

"பழசே போதும்."

"ஏனுங்க, துளி இரைச்சல் இருந்தாலும் வாங்க மாட்டேன்னு இப்பத்தானுங்களே சொன்னீங்க?"

"பழசே போடுங்க."

மகனுக்கு இரைச்சல் போதும்.

என் கணவர் போனபின் கூடத்துக் கடிகாரத்துக்கு யாரும் சாவி கொடுத்ததில்லை. இப்போது, வீட்டில் இதை எழுதும்போது, அது ஓடுவது கேட்கிறது. நாற்காலிப் பக்கமிருந்து கூப்பிட்டது போலவும் இருந்தது. "வாரேனுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன். போகத்தான் வேண்டும்.