உறை பிரிக்காத கடைசி இதழ்

என் அக்காவைக் கைப்பிடித்த நாளிலிருந்து என் புத்தக அலமாரியையும் விடாத மச்சானுக்கு,

இதில் எழுதப்போவது:

1. இதழ் வந்து சேர்ந்த விவரம்.
2. அது நின்றுபோனதில் எனக்குள்ள கோபம்.
3. கதையின் முடிவு தெரியாமலே நீங்கள் போனதற்கு நான்தான் காரணம் என்பது.
4. இனி நான் செய்யப்போவது.

மூன்றாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. நில அளவைத் துறையில் இருந்தவன். எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்காமல் அளவுச் சங்கிலியை இழுக்கப் பழகவில்லை.

இதழ் உங்கள் காரியம் முடிந்த மூன்றாம் நாள் வாழப்பாடிக்கு வந்தது. இங்கிலாந்திலிருந்து கிளம்பியது எங்கே கிடந்ததோ தெரியவில்லை. தபால்காரரிடம் கேட்டுவிடலாமென்று வாசல்வரை போனேன். "என்னங்க சார்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பிவிட்டேன்.

அட்டையின் மூலையில் சின்ன எழுத்தில் 'கடைசி இதழ்' என்று போட்டிருக்கிறார்கள். கண்ணாடி உறை வழியாக அவ்வளவுதான் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு விஞ்ஞானப் படக்கதைகள், கறுப்பு வெள்ளையில். நாலைந்து பேர் சேர்ந்து நடத்தியது. காகித விலை, தபால் செலவு என்று முன்பே எழுதிவிட்டார்கள். நியாயம்தான். ஆனாலும் கோபம் வருகிறது மச்சான். எழுபது வயதில் படக்கதை நின்றுபோனதற்குக் கோபப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது? காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள், பேரனுடைய புத்தகமா என்று கேட்பார்கள்.

செவ்வாய்க்குத் தண்ணீர் ஏற்றிப் போகும் கப்பலைத் தனியாக ஓட்டுகிறாளே ஒரு கிழவி, அந்தத் தொடரும் இதோடு முடிகிறது. பாதி வழியில், வீட்டுக்குத் திரும்பி வா என்று பூமியிலிருந்து அவளுக்குச் செய்தி வந்ததோடு போன இதழில் கதை நின்றது. லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தே காலம் கழித்த நீங்கள் சொன்னீர்கள்: "இவ நம்ம சங்ககிரி டிரைவருதான் மாப்ள. லோடு எறக்காம ஊட்டுக்குத் திரும்ப மாட்டா." திரும்புவாள் என்றேன் நான். நாம் போட்ட சத்தத்தில் அக்கா சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இனி மூன்றாவது. நீங்கள் மூத்தவர், அக்காவின் வீட்டுக்காரர். அதனால் முதல் வாசிப்பு உங்களுக்கு. வந்த இதழைப் பிரிக்காமல் உங்கள் ஆபீஸ் லாரியில் கொடுத்தனுப்புவேன். படித்ததும் முறையாக லாரி ரசீது போட்டுத் திருப்புவீர்கள். 'சரக்கு: புத்தகம் ஒன்று. நிலை: நன்று. குறிப்பு: ஏழாம் பக்கத்தில் நீ தோற்கிறாய்.'

நீங்கள் படுத்திருந்த சேலம் ஆஸ்பத்திரியிலும் நான் அந்த முறையை விடவில்லை.

"மாப்ள, கடைசி இதழு போன்ல வந்துருச்சாமா. பாத்தியா?"

"காகிதத்துல வரட்டுங்க மச்சான். நீங்க படிக்காம நான் எப்படிங்க படிக்கறது?"

"நீ நெலாவுக்குப் போனாக்கூட வரிசையில நின்னு டோக்கன் வாங்கிட்டுத்தான் போவ."

மறுநாளும் கேட்டீர்கள். அதற்கு மறுநாள், "பாத்துத் தொலையேன்டா" என்று எரிந்து விழுந்தீர்கள். உங்களுக்குக் காட்டச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நினைத்தும் காட்டவில்லை. காட்டிவிட்டால், காகிதம் வரும்வரை நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயம். ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை.

இதுவரை எழுதியது முந்தாநாள். நேற்று இதழைச் சங்ககிரிக்குக் கொண்டுபோய், மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"அதெதுக்குடா அங்க வெக்கற?"

"மச்சான்தானக்கா மொதல்ல படிக்கோணும்."

"அவிய அப்பவே படிச்சுட்டாங்க சாமி. ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே மக போன்ல எறக்கிக் குடுத்தா. படிச்சுப்போட்டு ஒரே சிரிப்பு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"சொன்னா உனக்கு முடிவு தெரிஞ்சு போயிருமாமா. இந்தப் பயந்தாங்கொள்ளி எப்பப் படிப்பான், எப்பச் சண்ட போடறதுன்னு கதவையே பாத்துட்டுக் கெடந்தாங்க. நீ என்னடான்னா தெனமும் வந்து, காகிதம் வரட்டும்னு சொல்லிப்போட்டுப் போன."

அங்கேயே நின்றபடி உறையைக் கிழித்தேன். திரும்பிவிட்டாள் மச்சான். தண்ணீரோடு திரும்பிவிட்டாள். நான் ஜெயித்திருக்கிறேன். ஜெயித்து என்ன செய்ய?

"தோத்தாலும் ஒத்துக்க மாட்டேன், எப்படி மடக்கறேன் பாருன்னாங்க" என்றாள் அக்கா. என்ன வாதம் என்று கேட்டேன். "என்னமோ சொன்னாங்கடா. எனக்கு அது வெளங்கல." என்ன வைத்திருந்தீர்கள் மச்சான்? எந்தப் பக்கத்தைக் காட்டியிருப்பீர்கள்?

நான்காவது. மீதி ஐந்து கதைகளையும் இந்த வாரமே படித்துவிடுவேன். பிறகு அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். அவள் திரும்பியது தப்பு என்று உங்கள் கட்சியை எடுத்து, எனக்கு எதிராக நானே வாதாடுவேன். உங்கள் அளவுக்கு வராது. ஆனாலும் எழுதுவேன், இது சத்தியம்.

மேலே மூன்றாவதாகப் போட்டது தவறு. முடிவு உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நீங்கள் காத்துக் கிடந்தது எனக்காக.

உங்களிடம் ஜெயித்துப் பழக்கமில்லாத,
உங்கள் மச்சினன்