வாசலில் ஊற்றிய தண்ணீரும் அரை டிகிரிச் சூடும்

நேற்று பௌர்ணமி. மூன்று மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு ஓஸோடு வாசலுக்கு வந்தேன். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் தண்ணீர் பட்டதும் அந்த வாசனை எழும்பியது, தாரும் புழுதியும் ஆவியும் கலந்து. உனக்கு அது ஆகாது. "மூக்க அடைக்குதுங்க" என்று முணுமுணுப்பாய். ஆனாலும் ஜன்னலைச் சாத்த மாட்டாய். நேற்று பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நீ போய்ப் பதினோரு பௌர்ணமி ஆகிறது. மாதக் கணக்கை விட்டுவிட்டுப் பௌர்ணமிக் கணக்கில் விழுந்ததற்கு நீதான் காரணம்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே நம் வீடு. பௌர்ணமியன்று மதியமே நடக்க ஆரம்பிக்கிறவர்களின் வெறும் கால் பொசுங்கக் கூடாதென்று என் அப்பா காலத்திலிருந்து நம் வாசலுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றுகிறோம். அவர் குடத்தில் ஊற்றினார், எனக்கு மோட்டார் இருக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் பௌர்ணமியில் நீ இதைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஆவியாவறப்ப சூட்ட எடுத்துக்கிட்டுப் போயிருது, அதான் ஜில்லுனு இருக்கு" என்றாய். இத்தனை வருஷம் ஊற்றிய எனக்கு அது புதுச் செய்தி. இயற்பியல் எம்.எஸ்ஸி. படித்தவளைக் கட்டிக்கொண்டால் சொந்த வாசலிலேயே பாடம் கேட்க வேண்டும் என்று கேலி செய்தேன். அன்று சொன்னதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். மறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

காலேஜில் பாடம் நடத்திவிட்டு வந்து, வீட்டு முன்னறையில் நீ செய்த வேலையை நான் ஊரில் யாருக்கும் சரியாக விளக்கியதில்லை. "வூட்ல ஆசிட் கீசிட் வச்சினு இன்னா பண்றாங்க உங்க வீட்டம்மா?" என்று என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "சோப்பு" என்று சொல்லிவைத்தேன். அது தெரிந்து நீ ஒருநாள் முழுக்கச் சிரித்தாய்.

எனக்கு நீ விளக்கியது நினைவிருக்கிறது. அன்று நான் ஒரு பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாய்.

"நிக்கல் கம்பிய தண்ணில வச்சு கரண்டு வுட்டா, அந்தக் கம்பி ஹைட்ரஜனை உள்ள இழுத்துக்கும். உள்ள எடமே இல்லாம அணுவெல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும்."

"தீபத்தன்னைக்கு தேரடித் தெருவுல நிக்கற மாதிரியா?"

"அதே மாதிரிதான். அந்த நெருக்கடில அணுக்கரு ஒண்ணோட ஒண்ணு சேரலாம், அப்ப சூடு வரலாம்னு கொஞ்சம் பேரு சொல்றாங்க. சூரியனுக்குள்ள நடக்கற சமாச்சாரம். வராதுன்னு ரொம்பப் பேரு சொல்றாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லலங்க. அளந்து பாக்கறேன்."

அந்த ஒரு சொல்லில்தான் நான் உன் பக்கம் வந்தேன். பலேடியம் என்ற உலோகம்தான் இதற்கு முதலில் பேர்போனதாம். நமக்கு எட்டாது, நிக்கல் போதும் என்றாய். ஒரே அளவில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் நிக்கல் கம்பி. மற்றதில் வெறும் சூடேற்றும் காயில், அதை நான் கட்டினேன். நிக்கல் ஜாடியில் குமிழியாக வெளியேறும் வாயு கொஞ்சம் சக்தியைக் கொண்டுபோய்விடும், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காயிலுக்குக் கொடுத்தால் இரண்டும் ஒரே சூட்டில் நிற்க வேண்டும். நிக்கல் ஜாடி மட்டும் ஜாஸ்தி சுட்டால், அந்த ஜாஸ்திக்குக் கணக்கு இல்லை. அந்தக் கணக்கில்லாத சூட்டைத்தான் நீ தேடினாய். ஆறு முறை அந்தக் காயிலைப் பிரித்துக் கட்டவைத்தாய். ஏழாவது முறை கொண்டுவந்து வைத்தபோது மீட்டரைப் பார்த்துவிட்டு "ம்" என்றாய். என் வேலைக்கு அதற்குமுன் யாரும் அவ்வளவு பெரிய பாராட்டுக் கொடுத்ததில்லை.

உன் காலேஜில் ஒரு சார், எல்லோர் முன்னாலும், "மேடம், அது எப்பவோ பொய்னு முடிஞ்சுபோன கதை" என்று சிரித்தார் என்று வந்து சொன்னாய். கோபமா என்று கேட்டேன். "அவரு சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா அவரு அளக்கல" என்றாய். ஆனால் அன்று சாப்பாட்டில் பாதிதான் சாப்பிட்டாய். நான் கவனித்தேன்.

நிக்கல் நன்றாக ஹைட்ரஜனைக் குடிக்க வாரக்கணக்கில் ஆகும், மாதத்துக்கு ஒருமுறைதான் கரண்டை ஏற்றிப் பார்க்கலாம் என்று முறை வைத்திருந்தாய். எந்த நாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பௌர்ணமியன்று கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். எப்படியும் நீ லீவுதான். ஆக, மாதத்தில் அந்த ஒரு மதியம் நீ உள்ளே கரண்டை ஏற்றுவாய், நான் வெளியே தண்ணீர் ஊற்றுவேன். ஹைட்ரஜன் வெளியே போக வேண்டுமென்று ஜன்னல் திறந்திருக்கும். ஜன்னலோரம் காயில் ஜாடி, அதற்கு அந்தப்புறம் நிக்கல் ஜாடி. இப்போது எழுதும்போது ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும் போலிருக்கிறது. அப்போது நமக்குப் புரியவில்லை.

முதல் சூடு வந்த மதியம், கையில் நோட்டோடு வாசலுக்கே வந்துவிட்டாய். செருப்பில்லாமல், நனைந்த ரோட்டில். "அரை டிகிரிங்க. அரை டிகிரி ஜாஸ்தி." நடந்துபோன ஒரு அம்மா உனக்கு என்னவோ நல்லது நடந்திருக்கிறதென்று நினைத்து விபூதி பூசிவிட்டுப் போனார். அடுத்த பௌர்ணமியும் வந்தது. அதற்கடுத்தும். நீ இலேசில் நம்புகிறவள் இல்லை. இடையில் சாதாரண நாட்களில் ஜாடிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாய், வித்தியாசம் இல்லை. அதனால் இடத்தில் கோளாறு இல்லை, கரண்டை ஏற்றுவதால்தான் சூடு என்று முடிவு கட்டினாய். சென்னையில் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுத ஆரம்பித்தாய்.

அந்தச் சமயத்தில்தான் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு கட்டுரையைப் பற்றியே பேசினாய். முடி கொட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாவது பௌர்ணமியன்று நம் மோட்டார் ஓடவில்லை. ஊர் மோட்டாரையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டு மோட்டார். கெப்பாசிட்டர் போயிருந்தது. கூட்டத்துக்குள் டவுனுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வாங்கிவர ஐந்து மணி ஆகிவிட்டது. உள்ளே நீ நோட்டை மூடி வைத்து உட்கார்ந்திருந்தாய். "ஒண்ணுமே காணோங்க" என்றாய். உன் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை, கட்டி என்று சொன்ன அன்றுகூட.

மோட்டாரைச் சரிசெய்து ஓஸைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. "ஏங்க, வித்தியாசம் ஏறுதுங்க." எனக்கு அப்போது முழங்கால்வரை நனைந்திருந்தது. ஈர ரோட்டிலிருந்து எழும்பிய காற்று என் காலைத் தொட்டு ஜில்லென்று ஜன்னலுக்குள் போனது. அங்கேயே நின்றுவிட்டேன். நிக்கல் ஜாடி சுடவில்லை. ஜன்னலோரம் இருந்த என் காயில் ஜாடி குளிர்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே வந்து சொல்லியிருக்க வேண்டும். நீ நிமிர்ந்து பார்த்தாய், கண்ணெல்லாம் சிரிப்பு. "டீ போடட்டா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த பௌர்ணமியில் தெரிந்தே ஊற்றினேன். ஜன்னல் கீழ்ச் சுவரிலும் சேர்த்து ஊற்றினேன். அன்று முக்கால் டிகிரி. நீ இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாய். என்னைப் பொறுத்தவரை அந்த மாதம் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஊசி போட்டு வந்த மூன்றாம் நாள், எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. கட்டுரைக்கு இன்னும் ஒரு அளவு வேண்டுமென்று கரண்டை ஏற்றச் சொன்னாய். ஏற்றினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது, வித்தியாசம் வரவில்லை. உன் உதடு காய்ந்திருந்தது. நான் மெல்ல எழுந்து வெளியே போய் ஓஸைத் திறந்தேன்.

ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது, அதுவும் எழுந்து போய்விட்டது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். "இன்னிக்கு யாரு நடக்கறாங்கன்னு தண்ணி ஊத்தறீங்க?"

நீ திரும்பி ஜாடிகளைப் பார்த்தாய், மறுபடி என்னைப் பார்த்தாய். "மூடுங்க" என்றாய். மூடினேன். ரோடு காய்ந்தபிறகு "தொறங்க" என்றாய். திறந்தேன். நான்கு முறை. ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதினாய், எழுத்து கோணாமல் எழுதினாய். பிறகு, "எப்பத்திலருந்து தெரியும்?" என்று கேட்டாய்.

"மோட்டார் ரிப்பேரான அன்னிக்கு."

நோட்டை மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மறுநாள் காலையில் நான் கஞ்சி கொண்டுவந்தபோது சொன்னாய். "தப்பு ஜாடில இருந்தா கண்டுபுடிச்சிருவேங்க. வயர்ல இருந்தா கண்டுபுடிச்சிருவேன். உங்ககிட்ட இருந்தா நான் எங்க போய்த் தேடுவேன்?"

"உனக்கு சந்தோஷமா இருந்துச்சேன்னுதான்..."

"எனக்குத் தெரியும். அதான் அழுகையா வருது."

அழுதாய். நானும் அழுதேன். கஞ்சி ஆறிப்போனது.

சென்னைக்கு எழுதி, முன்பே அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாய். அந்தச் சிரித்த சாரிடமும் நீயே போன் போட்டு, என்ன தப்பு நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாய். நான் மறைத்ததை மட்டும் சொல்லவில்லை. நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டுவைத்திருப்பாயே, அந்த ஆறு பௌர்ணமிக்கும் உரிய கட்டங்களில் 'வாசல் ஈரம்' என்று சிவப்பு மையில் எழுதினாய். தண்ணீர் ஊற்றுவதை இனி விட்டுவிடுகிறேன் என்றேன். "அதெல்லாம் வேணாம். பாவம், நடக்கறவங்க கால் இன்னா பண்ணுச்சு? ஜாடிய நவுத்துங்க" என்றாய். காற்று புகாத உள்ளறைக்கு மாற்றினோம், வாயு வெளியேற ஒரு குழாய் வைத்தோம்.

அதன்பிறகு நீ இருந்த வரைக்கும் இரண்டு ஜாடியும் ஒன்றாகவே நின்றன. ஒரு பௌர்ணமியிலும் வித்தியாசம் இல்லை. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். "கொஞ்சம். ஆனா இப்ப வர்ற பூஜ்யம் நல்ல பூஜ்யங்க" என்றாய். படுக்கையிலிருந்தபடியே அளவைச் சொல்லச் சொல்லி, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாய். ஒருமுறைகூட எழுந்துவந்து சரிபார்க்கவில்லை. அது தெம்பில்லாததால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படி நம்பியதற்கு உனக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்.

நீ போனபிறகும் நான் விடவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊற்றுகிறேன், அளக்கிறேன், எழுதுகிறேன். பத்துப் பௌர்ணமியும் பூஜ்யம்.

நேற்று தண்ணீர் ஊற்றிவிட்டு, டீ போட்டுக்கொண்டு உள்ளறைக்கு வந்து உட்கார்ந்தேன். கரண்டை ஏற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், நிக்கல் ஜாடி கால் டிகிரி ஜாஸ்தி காட்டுகிறது. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நீ ஜெயித்துவிட்டாய் என்று இருந்தது.

பிறகு நீ செய்கிறபடி செய்தேன். உலோகத்தைச் சந்தேகிக்குமுன் என்னைச் சந்தேகித்தேன். வயரைத் தொட்டுப் பார்த்தேன். காயிலை அளந்தேன். தெர்மாமீட்டர்களை மாற்றி வைத்தேன். அப்புறம் மேசையைப் பார்த்தேன். என் டம்ளர் என் பக்கம் காலியாக இருந்தது. நிக்கல் ஜாடியை ஒட்டி, நீ உட்காரும் பக்கத்தில், இன்னொரு டம்ளர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எப்போது இரண்டு போட்டேன், எப்போது கொண்டுவந்து வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதை எடுத்துப்போய் முன்னறை ஜன்னலில் வைத்தேன். ஐந்தரைக்கு இரண்டு ஜாடியும் ஒன்றாகிவிட்டன. நோட்டை எடுத்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை, அந்தக் கால் டிகிரியை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'உனக்கு வைத்த டீ' என்று, உன் சிவப்புப் பேனாவாலேயே.