வெள்ளிக்கிழமைச் சோறு

1974 ஜனவரி 17, வியாழன்

இல்லை, கோபத்தால் அல்ல. ஜெமீலோடு எனக்கு என்ன கோபம்? கிழமை பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

கம்பனிக்கு இங்கே திருகோணமலையில் விற்பனையாளர்கள் நான்கு பேர். நீர்ப்பம்புகளும் படகு எஞ்சின்களும் விற்கிறார்கள். ஊர் ஊராகப் போய்த் தவணைப் பணம் அறவிடுகிறார்கள். எங்கே போனோம், எதில் போனோம், எங்கே சாப்பிட்டோம் என்று பயணச் செலவுப் படிவத்தில் எழுதி ரசீதுகளோடு தருவார்கள். நான் சரிபார்த்து, மூலையில் சிறு கையெழுத்து வைத்துக் கொழும்புக்கு அனுப்புவேன். பேராதனைப் பட்டத்தோடு இரண்டு வருடம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த வேலை. அந்த மூலை மட்டும் என்னுடையது.

இன்று ஜெமீலின் படிவம். தோப்பூரில் அபூதாஹிர் என்பவரின் சாப்பாட்டுக் கடை ரசீது மூன்று. சோறு, மீன் கறி, இரண்டு ரூபா இருபத்தைந்து சதம். டிசம்பர் 21, டிசம்பர் 28, ஜனவரி 11.

கலண்டரைப் பார்த்தேன். மூன்றும் வெள்ளி.

செவ்வாயும் வெள்ளியும் கடைகளில் சோறு விற்கக் கூடாது. அரிசித் தட்டுப்பாட்டுக்கு அரசாங்கம் போட்ட சட்டம். இங்கே துறைமுக வீதியிலேயே அந்த நாட்களில் மரவள்ளிக் கிழங்குதான் அவித்து வைக்கிறார்கள். அப்படியானால் தோப்பூரில் அந்தச் சோறு விற்கப்படவில்லை. விற்கப்படாத சோற்றுக்கு மூன்று ரசீது.

சிவப்புப் பென்சிலால் கோடிட்டேன். கோடு நேராக விழுந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 18

பிரதம லிகிதர் பாக்கியரத்தினம் ஐயா என் குறிப்பை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இதை எனக்குக் காட்டாமல் விட்டிருக்கலாம்."

"காட்டாமல் விட்டால் பிறகு நான் என்னத்துக்கு ஐயா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

இருந்தும் அனுப்பினார்.

ஜனவரி 20

உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் மூன்று நாளாக நிற்கிறது. எதையும் இறக்கவில்லை, ஏற்றவில்லை.

ஜனவரி 24, வியாழன்

கொழும்பிலிருந்து தந்தி. விசாரணை முடியும்வரை ஜெமீலுக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை.

மத்தியானம் வந்தார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் பையையும் என் மேசையில் வைத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் சைக்கிள் ஓடி ஓடி முகம் அதைவிட மூத்துப்போயிருந்தது.

"அந்த வெள்ளிகளில நீங்கள் சாப்பிட்டனீங்களோ இல்லையோ?" என்று கேட்டேன்.

"சாப்பிட்ட மிஸ்."

"கடையிலயோ?"

புத்தகத்தை மேசை விளிம்போடு நேராக்கி வைத்தார்.

"எங்க எண்டு சொன்னால் நான் அதை எழுதி அனுப்புவன்."

"அத எழுதேலா மிஸ்."

போய்விட்டார். குடை எடுத்து வரவில்லை போலும், தூறலில் நனைந்துகொண்டே போனார். மூன்று பெண் பிள்ளைகள், வாடகை வீடு என்று பிறகு இராசையா அண்ணை சொன்னார். இவர் கந்தோர்ப் பியோன். யாரிடமும் கேட்காமலே எல்லாம் தெரிந்தவர்.

எழுத ஏலாது. ஏன் ஏலாது? பேராதனையில் நான்கு வருடம், எழுத முடியாதது என்று ஒன்றும் இல்லை என்று விவாதித்திருக்கிறேன். இரவு விளக்கணைத்த பிறகும் விவாதித்திருக்கிறேன்.

ஜனவரி 27

நான் செய்தது சரி. இதை அடித்து அடித்து ஏன் மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்?

ஜனவரி 29

தலைமைக் கந்தோர்க் கடிதம். பிழையைக் கண்டுபிடித்தவரே தோப்பூருக்குப் போய் நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும். ரசீது பொய்யென்றால் ஜெமீலை வேலையிலிருந்து நீக்குவார்கள்.

"தனியப் போகாதையும். இராசையாவைக் கூட்டிக்கொண்டு போம்" என்றார் பாக்கியரத்தினம் ஐயா. பிறகு மெல்லிய குரலில், "போற நாளையும் நீரே தெரிவு செய்யும்."

வெள்ளிக்கிழமை என்றேன்.

பெப்ரவரி 1, வெள்ளி

வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

காலை லாஞ்சில் மூதூர். குடாவின் நடுவில் நல்ல அலை. இராசையா அண்ணை பக்கத்தில் குனிந்து சத்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குப் படிவத்தில கோடு இருக்கோ மிஸ்?" என்றார். சிரிப்பு வந்தது. மூதூரிலிருந்து பஸ். இரு பக்கமும் வயல்.

அபூதாஹிரின் கடையில் நான்கு மேசை. கிழங்கும் சம்பலும். ரசீதுகளைக் காட்டினேன். தன் கையெழுத்துத்தான் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

"ஜெமீல் இங்க சாப்பிட்டவரோ?"

"ஒரு நாளும் இல்ல மிஸ். ரசீது ஒண்டு வேணுமெண்டு கேப்பார், எழுதிக் குடுப்பன். என்ன கிழமையெண்டு பாக்கல்ல. பேனையத் தொட்டா சோறு, மீன் கறியெண்டு அது தானா எழுதுது."

"வெள்ளிக்கிழமை சோறு வித்ததாக எழுதியிருக்கிறீங்கள். பொலிஸ் கேட்டால்?"

"சோறு வித்தாத்தான் குத்தம். விக்காத சோத்துக்கு ரசீது எழுதினா என்ன குத்தமெண்டு எனக்குத் தெரியா. ஒங்களுக்குத் தெரியுமா?"

ரசீதுகளைப் பையில் வைத்தேன். ஜெமீல் எங்கே சாப்பிடுவார் என்று கேட்டேன். வாய்க்கால் கரையில் ஒரு வீட்டைக் காட்டினார். உம்மு குல்சும். புருசன் பெயரில் ஆறு ஏக்கர் வயல். எங்கள் நீர்ப்பம்பைத் தவணைக்கு எடுத்தவர்கள்.

கம்பனியிலிருந்து வருகிறோம் என்றதும் அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுப் பாய் விரித்தார். "வாங்க மகள், இரிங்க. ஜெமீல் தம்பி வரல்லியா? சுகமில்லையா?"

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விசாரிக்கத்தான் வந்தேன். ஆனால் நாங்கள் வாயைத் திறக்கமுன் சோறு வந்துவிட்டது. அவர்களுடைய வயல் அரிசி. மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பால்கறி. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த புருசன் ஸைனுலாப்தீன், இராசையா அண்ணையை முன்புறம் கூட்டிப்போய் உட்கார வைத்தார். நான் உள்ளே, பெண்களோடு. திருகோணமலையில் பேக்கரி வாசலில் பாணுக்குக் கியூவில் நிற்கிற நாட்கள் இவை. இவ்வளவு சோற்றை ஒன்றாகப் பார்த்துப் பல வாரம். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

மூத்த மகள், பதினாறு பதினேழு வயது, என் பையைப் பார்த்தாள். தாய் கண்ணாலேயே அவளைத் தடுத்தாள். எனக்கு விளங்கவில்லை.

கை கழுவியதும் ஐந்து ரூபாவை எடுத்தேன். கம்பனிக் காசு. உம்மு குல்சும் அதைப் பார்த்த விதம்.

"என்ன மகள் இது? சோத்துக்குக் காசு வாங்க நாங்க கடையா வெச்சிருக்கம்?"

"ஜெமீலும் தாறேல்லையோ?"

"அவர் ஒங்களப்போலக் காச நீட்டமாட்டார். வாற நேரம் சீனி கொண்டருவார். பாண், உடுப்புக் கழுவச் சவுக்காரம். வேணாமெண்டு சொன்னாலும் வாசல்ல வெச்சிட்டுப் போயிருவார். எங்களுக்கிட்ட அரிசி இரிக்கி, சீனி இல்ல. அவருக்குத் தெரியும்."

அப்போதுதான் அந்தப் பெண் பையைப் பார்த்த காரணம் விளங்கியது. நான் வெறுங்கையோடு வந்தவள்.

திரும்பும் லாஞ்சில் இராசையா அண்ணை சொன்னார்: "சீனியைப் பங்கீட்டுக் கூப்பனுக்கு வெளியில வாங்கினால் ஆர் மிஸ் ரசீது தருவான்? வித்தவனையும் பிடிப்பான், வாங்கினவனையும் பிடிப்பான். அதுதான் அந்தாள் சோத்து ரசீது எடுத்திருக்குது."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"கந்தோரில உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

பெப்ரவரி 5

அறிக்கை எழுதி முடித்தேன். ரசீது பொய். செலவு உண்மை. சீனி என்று எழுதவில்லை, "வீட்டுக்குத் தேவையான பொருட்கள்" என்று எழுதினேன். கூப்பனுக்கு வெளியே வாங்கியதைக் கடிதத்தில் வைத்தால் அது வேறு இடங்களுக்கும் போகும். ஆக, நானும் ஒரு சொல்லை மூடிவிட்டேன்.

பிறகு என்னுடைய பயணப் படிவம். லாஞ்சு, பஸ், எல்லாவற்றுக்கும் டிக்கற் உண்டு. பகல் உணவு என்ற கோட்டில் பேனை நின்றது.

பாக்கியரத்தினம் ஐயா எட்டிப் பார்த்தார். "ரெண்டு இருபத்தைஞ்சைப் போடும். ரசீதுக்கு இராசையா வழி பண்ணுவான்."

"நான் காசு குடுக்கேல்லை ஐயா."

"நீர் குடுத்தீரோ எண்டு அந்தக் கோடு கேக்கேல்லைப் பிள்ளை. எவ்வளவு எண்டுதான் கேக்குது."

'இல்லை' என்று எழுதினேன். அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

பெப்ரவரி 18, திங்கள்

கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன், மறக்காதிருக்க.

"தங்கள் அறிக்கையிலிருந்தும் தங்கள் சொந்தப் படிவத்திலிருந்தும் மேற்படி பகுதியில் உணவு இலவசமாகக் கிடைப்பது தெளிவாகிறது. எனவே மூதூர், தோப்பூர்ப் பயணங்களுக்கான பகல் உணவுப்படி மார்ச் முதலாம் திகதி முதல் நிறுத்தப்படுகிறது. திரு. ஜெமீல் எச்சரிக்கையுடன் மீண்டும் வேலைக்கு அமர்த்தப்படலாம். முன்னர் பெற்ற உணவுப்படி அவரது சம்பளத்திலிருந்து கழிக்கப்படும்."

இலவசம். இரண்டு பக்கம் எழுதினேன். அவர்கள் ஒரு சொல்லை எடுத்தார்கள். அது 'இல்லை'.

பெப்ரவரி 19

ஜெமீலுக்கு நானே கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடி வாசித்தார்.

"குறை சொல்லல்ல மிஸ். நீங்க உள்ளதத்தான் எழுதியிருக்கீங்க."

"அண்டைக்கே ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா, அந்தச் சோத்துக்கு நான் கம்பனிட்டக் காசு எடுத்த எண்டு வரும். உம்மு குல்சும் ராத்தாட காதுல விழுந்தா? ஊட்ட கூப்பிட்டுச் சோறு தந்த மனுசிக்கு விலை போட்ட மாதிரி." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப இலவசம் எண்டு எழுதிட்டாங்க. அது இன்னும் மோசம்."

வேலைக்கு வரமாட்டேன் என்றார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தொடவில்லை. "வெறுங்கையோட அந்த வாசலுக்குப் போகேலா. என்ட சம்பளத்துலயும் ஏலா. எனக்கும் மூணு புள்ளைகள்."

இரண்டு மாதமும் ஆகவில்லை. முதலில் ஒரு சிவப்புக் கோட்டால் இவருடைய சம்பளத்தை நிறுத்தினேன். இப்போது ஒரு சொல்லால் இவருடைய வேலையை.

ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தேன். பகல் உணவு என்பதற்குக் கீழே பேனையால் இன்னொரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதினேன்: வீட்டுக்குக் கொண்டுபோனவை.

"வாங்கினதை வாங்கினபடி எழுதுங்கோ. சீனி எண்டால் சீனி. ஆரிட்ட வாங்கினது எண்டு வேண்டாம். ரசீதும் வேண்டாம். நான் கையெழுத்து வைக்கிறன்."

"ஒங்கட கையெழுத்துப் போயிடும் தங்கச்சி."

இதுவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டவர். படிவத்தை நீட்டியபடி நின்றேன். பிறகு வாங்கினார். புத்தகத்தையும்.

பெப்ரவரி 23

பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 4, திங்கள்

ஜெமீலின் படிவம். மார்ச் 1, வெள்ளி. லாஞ்சு, பஸ். பகல் உணவு: கோடு மட்டும். அதன் கீழே, பள்ளிப் பிள்ளையின் கையெழுத்துப் போலக் கவனமாக: சீனி ஒரு இறாத்தல். பாண் இரண்டு. சவுக்காரம் ஒன்று. ஆறு ரூபா எண்பது.

ரசீது இணைக்கும் இடத்தில் நான் எழுதினேன்: ரசீது இல்லை. எனக்குத் தெரியும்.

'எனக்குத் தெரியும்' என்பது கணக்குப் பரிசோதனையில் செல்லாது. நான் படித்த எதிலும்கூடச் செல்லாது. தத்துவ வகுப்பில் எழுதியிருந்தால் சிவப்புப் பென்சில் விழுந்திருக்கும்.

பாக்கியரத்தினம் ஐயா வாசித்தார். எதுவும் சொல்லாமல், என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் வைத்தார். எனக்கு அது எதிர்பாராதது. "ஓய்வுக்கு எனக்கு ரெண்டு வரியம்தான் இருக்கு. உமக்கு முப்பது இருக்கு. அதை யோசிச்சனீரோ?" என்றார்.

யோசித்தேன் என்றேன். பொய்.

மார்ச் 12

கொழும்பிலிருந்து ஒன்றும் இல்லை. ஜெமீல் சல்லிக் கிராமத்துக்குப் போய் ஒரு படகு எஞ்சின் விற்றுவிட்டு வந்தார்.

மார்ச் 22, வெள்ளி

நேற்று வந்த கடிதத்தில் இரண்டு பந்தி.

முதலாவது: ஆறு ரூபா எண்பது, விற்பனை ஊக்குவிப்புச் செலவாக ஏற்கப்படுகிறது. இனி இத்தகைய செலவுகள் மாதம் இருபது ரூபாவுக்கு மேற்படக் கூடாது.

இரண்டாவது: திருகோணமலைக் கிளையின் பயணச் செலவுப் படிவங்கள் இனிக் கொழும்பில் சரிபார்க்கப்படும். மிஸ் கமலேஸ்வரி தட்டெழுத்துப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். சம்பளம் அதற்கேற்பத் திருத்தப்படும்.

ஜெமீல் காலை லாஞ்சில் தோப்பூருக்குப் போய்விட்டார். முதல் பந்தி அவருக்குத் தெரியும். இரண்டாவதைப் பற்றி நான் சொல்லவில்லை. இராசையா அண்ணை சொல்லியிருப்பார்.

என் கதிரையை ஜன்னலோரத்திலிருந்து எடுத்துத் தட்டெழுத்து இயந்திரத்தின் முன்னால் போட்டேன். நாடா காய்ந்திருந்தது. புதியது மாட்டினேன். மத்தியானத்துக்குள் பதினொரு கடிதங்கள் அடித்து முடித்தேன்.