முழங்கையும் குத்தகையும்

ஆடி 3, திங்கள்
காலையில் தூறல். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வரப்பு வெட்டப் போனேன். பாதிகூட முடியவில்லை. வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்று வலி. காபி டம்ளரைத் தூக்கினாலும் வலிக்கிறது. கையைத் தலைக்கு வைத்துப் படுத்ததால்தான் என்கிறாள் என் வீட்டுக்காரி ராசாமணி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது, வாயு.
மண்ணெண்ணெய் வாங்க மறந்துபோனேன். அதற்கும் திட்டு.

ஆடி 4, செவ்வாய்
திருவிடைமருதூர், ஆஸ்பத்திரி. ஒரே கூட்டம். டாக்டர் அழுத்திப் பார்த்தார். விழுந்தியா? அடி பட்டுச்சா? கழுத்துலேருந்து இழுக்குதா? வேற மூட்டு எதுவும் வீங்குதா? எல்லாவற்றுக்கும் இல்லை.
“ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சா தசைநார் புண்ணாயிடும். டென்னிஸ் எல்போன்னு பேரு.”
டென்னிஸ் பந்தை நான் கண்ணால் கண்டதில்லை. மூன்று வாரம் மண்வெட்டியைத் தொடக்கூடாதாம்.
வெள்ளிக்கிழமை தாசில்தார் வயலுக்கே வருகிறார், குத்தகைப் பதிவு விசாரணைக்கு. சொந்த உடம்பால் உழைக்கிறவன் பெயரைத்தான் பதிவார்கள். ஆள் வைத்து வெட்டினால், நிலத்தைத் திரும்பப் பிடுங்கக் காத்திருக்கும் பண்ணைக் காரியக்காரருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. அப்பா பண்ணையில் கூலியாகவே செத்தார். இந்த நிலம் போனால் நானும் அங்கேதான். பயமாக இருக்கிறது.

ஆடி 6, வியாழன்
துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன். இடது கையாலும். வரப்பு கோணல் மாணல். சோறு பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டேன்.
“தொரை ஆயிட்டீங்களா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி 7, வெள்ளி
நல்ல வெயில். தாசில்தார், “வெட்டிக் காட்டுய்யா” என்றார். இரண்டு வெட்டு. மண்வெட்டி கைநழுவி வாய்க்காலில்.
“பாத்தீங்களா சார், இவன் ஆள் வச்சுப் பயிர் பண்றவன்” என்றார் காரியக்காரர்.
டாக்டர் சீட்டைக் காட்டினேன். தாசில்தார் படித்தார். “வீட்டு ஆளுங்க எறங்கி ஒழைச்சாலும் சட்டப்படி போதும்.”
“அதுவும் கெடையாது சார். போன தடவ பண்ணை நடவுக்கு இவன் சம்சாரத்தக் கூப்பிட்டு அனுப்பிச்சோம். ‘எங்க வீட்டுப் பொம்பள இனிமே சேத்துல எறங்க மாட்டா’ன்னு ஊர் நடுவுல சொன்னவன் இவன்.”
“அப்படிச் சொன்னியா?”
சொன்னேன். குத்தகை கிடைத்த மிதப்பு. இல்லை என்று எப்படிச் சொல்வது, ஊரே கேட்டது.
தண்ணீர்ச் சத்தம். ராசாமணி வாய்க்காலில் இறங்கி மண்வெட்டியை எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். நிமிரவே இல்லை.
“அவருதாங்க சொன்னாரு,” என்றாள். “நான் சொல்லலீங்க.”