ஆரிஃபாவின் நான்கு நாள் கார்பைன் வகுப்பு

பாலக்கரை, திருச்சி.
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்புள்ள மச்சானுக்கு, ஆரிஃபாவின் ஸலாம். மாமாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மாமிக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, குரலும் அதோடு சேர்ந்து கூடியிருக்கிறது. நம் பிள்ளை அஃபீஃபாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. இனி என்னைப் பற்றி எழுதுகிறேன்.

போனில் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே "கடையை இழுத்து மூடு" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் ரூமில் இருக்கும் ரஃபீக் திங்கட்கிழமை தம்மாம் திரும்புகிறான்; மாமி போட்ட நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவன் கையில் கொடுக்கிறேன்.

அடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து உங்களுக்குப் போன் வரும். என் பெயரில் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டிருப்பதால், கணவருக்கு ஆட்சேபணை உண்டா என்று விசாரிப்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள் என்று ஒரு மாதமாக உங்கள் உயிரை வாங்கினேன். நீங்களும் தொல்லை தாங்காமல் சம்மதித்தீர்கள். அவர்களிடம் வாயைத் திறப்பதற்கு முன் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

லைசென்ஸுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். சமயபுரம் தாண்டி ஹைவேயை விட்டு உள்ளே ஒரு தனியார் கிளப்பில் திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் பஸ் முழுக்க மஞ்சள் சேலை. நடுவில் கறுப்புப் பர்தாவில் நான். "கோயிலுக்காங்க?" என்று கண்டக்டர் கேட்டார். துப்பாக்கி சுடப் போகிறேன் என்றேன். நல்ல ஜோக் என்று சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

மொத்தம் ஆறு பேர். பெண் நான் ஒருத்திதான். பாங்குப் பணவண்டிக் காவலாளிகள் நாலு பேர், தொட்டியத்து வாழைத்தோட்டக்காரர் ராசப்பன் ஒருவர். சொல்லிக் கொடுப்பவர் ஸ்ரீரங்கத்து ரெங்கராஜ், ராணுவத்தில் இருந்தவர். காலையில் திருமண் பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்குள் வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கிவிடும். அதைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

கார்பைன் என்பது ரைஃபிளைவிட நீளம் குறைந்த துப்பாக்கி. குட்டைதானே என்று சாதாரணமாகத் தூக்கினேன். முதல் வெடியில் தோளில் மாடு முட்டியது. இரண்டாவதில் கண்ணில் தண்ணீர். திங்கள் சாயங்காலம் பார்த்தால் தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மாமி எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, "ஒரு பொம்பளைக்கு இது தேவையாம்மா" என்றார்கள். தேவை மாமி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஆனால் அன்றைக்கு என்னைத் தூங்கவிடாதது தோள்வலி இல்லை. காலையில் துப்பாக்கியைக் கையில் தந்ததும் ரெங்கராஜ் சார் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "உள்ள தோட்டா இருக்கா? பார்க்காம சொல்லக் கூடாது. திறந்து காட்டிட்டுச் சொல்லுங்க." என் முறை வந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவர் மூன்று முறை கேட்டார்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆறு மாதமாக நெஞ்சில் வைத்திருக்கிறேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

நம் நகைக்கடைக் காவலாளி சவரிராயன் அண்ணன் துப்பாக்கியில் தோட்டா போட மறந்து நின்றதால்தான் வெட்டுப்பட்டுச் செத்தார் என்று போலீஸில் எழுதியிருக்கிறது. அப்படி எழுத வைத்தவள் நான். அவர் மறக்கவில்லை. போன ரமலானில் அஃபீஃபா கடைக்கு வந்தபோது, அவர் சுவரில் சாத்தி வைத்திருந்த துப்பாக்கியின் குழலில் விரலை விட்டு விளையாடினாள். மறுநாளிலிருந்து கடை திறந்ததும் தோட்டாக்களை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். கடை அடைக்கும்போதுதான் திருப்பிக் கொடுப்பேன். "தோட்டா இல்லாட்டி இது வெறும் உலக்கைங்கம்மா" என்று அவர் சொன்னார். திருடனுக்கு அது தெரியவா போகிறது என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். மாமா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். கடையில் நானும் அண்ணனும் மட்டும். ஹெல்மெட்டோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தான், கொலுசு வாங்க வந்தவன் மாதிரி. முதுகிலிருந்து அரிவாளை உருவினான். அண்ணன் துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள் மச்சான், நிஜமாகவே பயந்து நின்றார்கள். இன்னும் ஒரு நிமிடம் அப்படியே இருந்திருந்தால் ஓடியிருப்பார்கள். அதற்குள் அண்ணன் என் பக்கம் திரும்பி, "அம்மா, பெட்டி சாவி!" என்றார்.

அரிவாள்காரனுக்குப் புரிந்துவிட்டது. முதல் வெட்டு தோளில். துப்பாக்கியைக் குறுக்கே கொடுத்தார், இரண்டாவது வெட்டில் விரல்கள் போயின. மூன்றாவது கழுத்தில். ரத்தம் வளையல் தட்டில் பீறிட்டு அடித்தது. விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் "சுடுறியா? சுடுறியா?" என்று கேட்டான். நான் கவுண்டருக்கு அடியில் குந்தியிருந்தேன். சாவி என் கையில்தான் இருந்தது. பெட்டி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து தோட்டா எங்கே என்று கேட்டபோது, எப்போதும் போட்டுத்தான் வைத்திருப்பார், அன்றைக்கு மறந்திருப்பார் என்றேன். செத்தவர் வந்து மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியம்தான். வேறென்ன சொல்ல.

வெட்டியவன் பெயர் உங்களுக்குத் தெரியும், இந்தத் தாளில் எழுதப் பிடிக்கவில்லை. போன மாதம் ஜாமீனில் வந்துவிட்டான். தினம் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு நேராக நம் கடைக்கு எதிர் டீக்கடையில் வந்து உட்காருகிறான். சாட்சி நான் ஒருத்திதான் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு நாள் என்னைப் பார்த்து டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினான். அதற்கு அடுத்த நாள்தான் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன். கடையைக் காப்பாற்ற என்று உங்களிடம் சொன்னேன். போலீஸிலும் அப்படியே சொன்னேன்.

புதன்கிழமை மனித உருவம் வரைந்த அட்டையை நட்டார்கள். நெஞ்சில்தான் சுட வேண்டும், பத்துத் தோட்டா, அவர் நிறுத்தச் சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். முதல் தோட்டா நெஞ்சில் போனது. இரண்டாவதில் அட்டைக்கு அவன் முகம் வந்துவிட்டது. மச்சான், உங்களிடம் மறைக்க மாட்டேன், எனக்கு உச்சி குளிர்ந்தது. கண்ணில் ஒன்று, வாயில் ஒன்று, தொண்டையில் இரண்டு. ரெங்கராஜ் சார் "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தியது கேட்டது. கேட்டும் சுட்டேன். தோட்டா தீர்ந்த பிறகும் விசையை இழுத்துக்கொண்டே இருந்தேன். அப்போது என் வாயிலிருந்து "சுடுறியா? சுடுறியா?" என்று வந்துகொண்டிருந்ததாம். ராசப்பன்தான் பிறகு சொன்னார். அந்த வாழைத்தோட்டக்காரர் அதற்கப்புறம் என் பக்கத்து மேடையில் நிற்கவில்லை.

ரெங்கராஜ் சார் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "யாரும்மா அது?" என்று மட்டும் கேட்டார். பெயரைச் சொன்னேன். வியாழக்கிழமை தேர்வில் முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கினேன், வகுப்பிலேயே நான்தான் முதல். விதிப்படி மார்க் இருக்கிறது என்று சொல்லிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை. புத்தூருக்குப் போனேன், அண்ணன் மனைவி மரியபுஷ்பம் அக்கா வீட்டுக்கு. எல்லாவற்றையும் சொன்னேன், தோட்டா, சாவி, போலீஸில் சொன்ன பொய். அக்கா எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார். உதடு கிழிந்து இன்னும் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறேன். அக்கா அழவில்லை. "ஆறு மாசமா அவரு போட்டோ முன்னாடி நின்னு, தோட்டா போடக்கூட துப்பில்லாம எங்கள விட்டுட்டுப் போயிட்டியேன்னு திட்டிக்கிட்டிருக்கேன்டி. பாதகத்தி, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை வக்கீலோடு போய் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுக்கப் போகிறேன். முதலில் பொய் சொன்னவள் என்று கோர்ட்டில் என்னைக் கிழிப்பார்கள், வழக்கே பலவீனமாகும் என்று வக்கீல் சொல்கிறார். அவன் தப்பித்தாலும் தப்பித்துவிடுவானாம். சவரிராயன் அண்ணன் மறக்கவில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இதோடு எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்குக் காலையிலும் அவன் வந்து உட்கார்ந்தான். வகுப்பில் அட்டை இருந்தது இருபத்தைந்து மீட்டரில். டீக்கடை பெஞ்சு அதில் பாதி தூரம்கூட இல்லை. ஒரு கஸ்டமருக்கு மோதிரம் காட்டிக்கொண்டே இதைக் கணக்குப் போட்டேன், மோதிரத்தின் விலையையும் பிசகாமல் சொன்னேன். அவன் விடுதலையானால் நான் என்ன செய்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. அஃபீஃபாவை நினைத்துப் பார்த்தேன். அப்போதும் அது மாறவில்லை.

விண்ணப்பத்தை நானே திரும்ப வாங்கிவிடலாமே என்பீர்கள். நேற்று அதற்காகவே ஸ்டேஷனுக்குப் போனேன்; திரும்ப வாங்காமல் சான்றிதழையும் கொடுத்துவிட்டு வந்தேன். என்னால் முடியவில்லை.

அதனால் அவர்கள் போன் செய்யும்போது, ஆட்சேபணை உண்டு என்று சொல்லுங்கள். பொம்பளைக்கு எதற்கு என்று சொன்னாலும் சரி, வேறு எதைச் சொன்னாலும் சரி, நான் பொறுத்துக்கொள்வேன். அதற்கு மறுநாளே நான் போன் போட்டு அழுவேன், பிள்ளை மேல் சத்தியம் செய்வேன், இந்தக் கடிதமே ஏதோ பைத்தியத்தில் எழுதியது என்பேன். நம்பாதீர்கள். அல்லாஹ் உங்கள் நாக்கில் உறுதியைத் தரட்டும். என் கையில் துப்பாக்கியைக் கொடுக்க விட்டுவிடாதீர்கள், மச்சான்.

வஸ்ஸலாம்.
ஆரிஃபா