தரையில் வைத்த கேமரா

சார்,

உங்கள் காசித்துண்டு என் ஸ்டூடியோவில் ஆணியில் தொங்குகிறது. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். "அவுக கேமராவுக்கு விரிக்கிற துண்டு, ஆச்சி. நீங்கதான் வச்சுக்கிடணும்" என்றார். துவைக்க மனசில்லாமல் அப்படியே மாட்டினேன். லென்ஸ் துடைக்கிற திரவமும் வெற்றிலையும் கலந்த உங்கள் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. போன வாரம் வரைக்கும் ஸ்டூடியோவைத் திறந்ததும் அதை ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன். இப்போது ஆத்திரம்தான் வருகிறது.

காளையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை நீங்கள். சென்னையில் பத்திரிகைக்குப் படம் எடுத்து, அந்த ஓட்டம் பிடிக்காமல் காரைக்குடிக்கு வந்து கல்லூரியில் பாடம் எடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தனியாக ஒரு வகுப்பும் வைத்தீர்கள். கல்யாணமும் பாஸ்போர்ட் படமும் எடுத்தே அலுத்துப்போயிருந்த நான், நாற்பது வயதில் கல்லூரிப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தேன். உங்களுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். ஆனாலும் கடைசிவரை எனக்கு நீங்கள் சார், எங்கள் வீட்டுப் பெண்களை ஊர் கூப்பிடுகிற மாதிரி உங்களுக்கு நான் ஆச்சி.

முதல் வகுப்பில் கேமராவைக் கீழே வைக்கத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரு வீட்டுக்குள் போனால் துண்டை விரித்து, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கேமராவைத் தரையில் வைக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும், பேச வேண்டும். வீட்டுக்காரர்கள் தாங்களாகச் சொன்னால்தான் கேமராவைத் தூக்கலாம்.

"சொல்லாட்டி?" என்று கேட்டேன்.

"சொல்லாட்டி காபியக் குடிச்சிட்டு வாரீக. என்ன கெட்டுப்போச்சு?" என்றீர்கள்.

வகுப்பு சிரித்தது. எனக்கு அது மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் கானாடுகாத்தானில் பூட்டியே கிடக்கிற வீடுகளைக்கூட உங்களுக்காகத் திறக்கச் சொன்னேன். தயங்கிய பங்காளிகளிடம், "அவுக கேமராவக் கீழ வச்சா வச்சதுதான்" என்று நானே ஜாமீன் நின்றேன். அங்கே எடுத்த படங்களால்தான் உங்கள் பெயர் கடல் தாண்டிப் போனது. தரையோடு தரையாக, பணிவோடு பார்க்கிற கண் என்று எழுதினார்கள். படித்துவிட்டு எனக்கே விருது கிடைத்த மாதிரி திரிந்தேன்.

என் தகப்பனார், எங்கள் அப்பச்சி, இறந்த அன்று நீங்கள் வகுப்பிலிருந்து நேரே வந்தீர்கள். தோளில் கேமரா தொங்கியது. வாசலிலேயே மறித்து, "படம் மட்டும் வேண்டாம் சார்" என்றேன்.

"என்ன ஆச்சி நீங்க, என்னையப் போயி" என்று முகம் வாடினீர்கள்.

உள்ளே வந்து வழக்கம்போலத் துண்டை விரித்துக் கேமராவை வைத்தீர்கள். நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் அப்பச்சியைப் பாயில் கிடத்தியிருந்தோம். ஒரு சமயம் ஆண்கள் பந்தல் வேலையைப் பார்க்க முகப்புக்குப் போய்விட்டார்கள், பெண்கள் பின்னால் இரண்டாங்கட்டில் இருந்தார்கள். வளவில் என்னைப் பெற்ற ஆத்தாவும் நானும் நீங்களும்தான். ஆத்தா மெல்லச் சரிந்து, அப்பச்சிக்குப் பக்கத்தில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். அவர் காதில் வாயை வைத்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் முன்னால் அவர் கையைக்கூடத் தொட்டிராதவள் அவள்.

நீங்கள் சட்டென்று தூண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். என்ன பெரிய மனசு என்று நினைத்தேன். அந்தத் துக்கத்திலும் உங்களை நினைத்து எனக்கு நிறைவாக இருந்தது.

போன வாரம் உங்கள் படக் கண்காட்சிக்கு அழைப்பிதழ் வந்தது. உங்கள் மாணவர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். அட்டையில் ஆத்தா. முன்னால் ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் பெரிது பெரிதாக, அவற்றுக்குப் பின்னால் அப்பச்சியின் காதும் ஆத்தாவின் உதடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எடுத்த படம்.

நானும் இதே தொழிலில் இருப்பவள், சார். எனக்கு விளங்க நேரமாகவில்லை. சத்தமே இல்லாமல் ஃபோனிலிருந்து கேமராவை இயக்கலாம் என்று எனக்குக் காட்டியதே நீங்கள்தான், ஒரு கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நிற்க இடமில்லாமல் நான் திண்டாடியபோது. அப்பச்சி இறந்த அன்று லென்ஸுக்கு மூடி போட்டிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. உங்கள் கேமராவைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் படம் உங்கள் கணினியில் இருந்ததாம். நீங்கள் யாருக்கும் காட்டவில்லையாம். "காட்டாமத்தான வச்சிருந்தாக" என்று உங்கள் மாணவன் ஒருவன் எனக்குச் சமாதானம் சொன்னான். எடுத்தது எடுத்ததுதானே, சார். அதற்குப் பிறகு உங்கள் பேர்போன படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாமே அதே உயரம். நான் திறந்துவிட்ட வீடுகளில் எத்தனை வீட்டில் கேட்டு எடுத்தீர்கள்? பதில் சொல்ல நீங்கள் இல்லை. நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அழைப்பிதழ் வீட்டு முகவரிக்கு வந்ததால் ஆத்தாதான் முதலில் பிரித்தாள். நான் போனபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை.

"அந்தத் தம்பி அங்குட்டுல்ல திரும்பிக்கிருச்சு" என்றாள். "அதனாலதான நான் படுத்தேன்."

அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். உங்கள் மனைவியிடம் சொன்னேன். அழுதார், அன்றைக்கே படத்தை நீக்கிவிடச் சொன்னார். கண்காட்சியில் அது இருக்காது. ஆனால் அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. பெருமாள் கோயிலுக்குத் திருக்கோஷ்டியூர் போகலாம் என்று கூப்பிட்டால் ஆத்தா வரமாட்டேன் என்கிறாள். எல்லாரும் அந்தப் படத்தை நினைத்துக்கொண்டே தன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம்.

படம் நல்ல படம், சார். நீங்கள் எடுத்ததிலேயே நல்ல படம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். துண்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன், போடவில்லை. நேற்றும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனேன். துண்டை விரித்து, கேமராவை வைத்து, மூடியைப் போட்டு, லென்ஸை எங்கள் பக்கமே திருப்பி வைத்தேன். ஒரு பெண் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இது யாரு சொல்லிக்குடுத்தது மேடம்?"

உங்கள் பெயரைத்தான் சொன்னேன். கீழே வைக்கச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான், திருப்பி வைக்கச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான்.