தாமதத்துக்கு வருந்தும் குரல்

நவம்பர் 3
ரயில் நிலையத்தில் இன்று நாற்பது நிமிடத் தாமதத்தை அறிவித்தேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இருபத்தாறு வருட அறிவிப்பாளர் குரல். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

காதும் அப்படித்தான். போனில் மகன் லிஷின் ‘ம்’ கொட்டுவதை வைத்தே எதிர்முனையில் யார் என்று சொல்லிவிடுவேன். மேலாளருக்கு இரண்டு ‘ம்’, அவசரமாக. மனைவிக்கு நீளமாக ஒன்று, கடைசியில் வளைந்து. எனக்கு ஒரே ஒன்று, கதவைச் சாத்துவதுபோல. பெற்றவளுக்கு அது போதும்.

நவம்பர் 9
மருமகள் வென்ஜிங் கல்யாணமாகி வந்து ஒரு மாதம். ‘நீங்க உட்காருங்கம்மா. நான் பாத்துக்கறேன். ரொம்ப நன்றிங்கம்மா.’ அரை சுருதி உயர்ந்த, மெத்தென்ற குரல். எங்கேயோ கேட்டிருக்கிறேனே.

நவம்பர் 10
கண்டுபிடித்துவிட்டேன். தாமத ரயிலுக்கு நான் பேசும் குரல்.

நவம்பர் 24
வென்ஜிங் போனில் தன் அம்மாவிடம்: ‘எத்தனை தடவம்மா சொல்றது? மாத்திரையப் போடுன்னா போடேன்!’ பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பொறாமை — இந்த வயதில் என்ன வார்த்தை இது? வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பயணிதான். நாளைக்கு நான் படுத்துவிட்டாலும் ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்பாளோ?

டிசம்பர் 8
சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். வேண்டுமென்றே. ‘ரொம்ப நல்லா இருக்குங்கம்மா’ என்று இரண்டாவது கிண்ணமும் குடித்தாள்.

கணவர் தெங் சொன்னார்: ‘திட்டு வாங்க அவ்வளவு ஆசையா? நான் இருக்கேனே.’

அது தினமும் கிடைப்பது. அதில் என்ன கௌரவம்?

ஜனவரி 23
சீனப் புத்தாண்டுக்கு வீடு துடைக்கும் நாள். ஆறாவது மாடி பால்கனி ஜன்னல். ஸ்டூலின்மேல் ஸ்டூல் வைத்து ஏறினேன். நாடகமில்லை, ஜன்னல் உண்மையிலேயே அழுக்கு.

‘அம்மா! எறங்கு! பைத்தியமா உனக்கு? விழுந்து தொலைச்சா யாரு பாக்கறது? எறங்குன்னா எறங்கு!’

இறங்கினேன். என் கையிலிருந்த துணியை வென்ஜிங் பிடுங்கிக்கொண்டாள். எதிர்க் கட்டடத்தில் ஒருவர் எட்டிப் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும். என் மருமகள் என்னைத் திட்டுகிறாள்.

ஜனவரி 24
‘நேத்து அப்படிப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்கம்மா.’ மறுபடியும் அந்தக் குரல்.

‘பரவாயில்லைம்மா’ என்று இதமாக ஆரம்பித்தேன் — அப்போதுதான் என் குரலே என் காதில் விழுந்தது. மூன்று மாதமாக நான் அவளிடம் எப்படிப் பேசினேனாம்?

‘போடி, போய்த் துணிய அலசு’ என்றேன்.

சிரித்துவிட்டாள்.

ஜனவரி 28
புத்தாண்டுக்கு முந்தின இரவுச் சாப்பாடு. வென்ஜிங் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள்.

‘அம்மா, வினிகர்.’

‘ம்’ என்றேன். ஒரே ஒன்று.